கண்ணாடிக்குள்ளும் இந்தியா?

1938ஆம் ஆண்டில் இந்தி நம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய வந்தது; தடுத்தோம். 1952இல் தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகைகளில் நின்ற இந்தி எழுத்துகளைப் பெரியார் தார்பூசி அழிக்கச் சொன்னார், அழித்தோம். 1965இல் அது ஆட்சிமொழி அரியணையில் தனியே அமர முற்பட்டது. உயிர்களை ஈந்து எதிர்த்தோம். அந்தப் பகை இன்று பள்ளி வழியாகவும் வரவில்லை. பலகை வழியாகவும் வரவில்லை. மூக்கின்மேல் ஏறி அமர்ந்து, கண்ணுக்கு முன்னும் காதுக்கு அருகிலுமாக நின்று பேச வந்திருக்கின்றது. அதை நாமே விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளவும் அணியமாய் இருக்கின்றோம்.

மெட்டா என்னும் அமெரிக்க நிறுவனமும் இரேபான் என்னும் கண்ணாடி வணிகமும் சேர்ந்து ஆக்கிய கண்ணாடியைத்தான் சொல்கின்றோம். பார்வைக்கு அது வெயிற்கண்ணாடி போன்றதே. சட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு படப்பிடிப்புக் கருவி, காதுத்தண்டில் ஒலிபெருக்கி, உள்ளே ஒலிவாங்கிகள், கைப்பேசியோடு கம்பியில்லாத் தொடர்பு. அணிந்தவர் ஒன்றைப் பார்த்து “இஃது என்ன?” என வினவினால், கண்ணாடி அதனைப் படமெடுத்துத் தொலைவிலுள்ள கணினிகளுக்கு அனுப்பி, விடையைப் பெற்றுக் காதில் ஓதும். இதனினும் ஒரு படி மேலே, 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் 799 தாலர் விலைக்கு வந்த மற்றொரு வகையில், கண்ணாடி வில்லையிலேயே எழுத்தும் படமும் தோன்றும். தண்டிலுள்ள மிகச்சிறு ஒளிவீச்சுக் கருவி ஒளியை வில்லைக்குள் செலுத்தக், கண்முன் உள்ள தெருவின்மேலேயே சொற்கள் மிதப்பன போல் காணப்படும். தெரு மெய்; அதன்மேல் மிதக்கும் சொல் கருவி தந்தது. இரண்டையும் கண் ஒன்றாகவே காணும்.

இக்கருவிக்கு நம் நாளிதழ்கள் ஆங்கிலப் பெயரையே அப்படியே எழுதி வருகின்றன. திறன்பேசி என்னும் சொல் ஊன்றிவிட்ட பிறகும் திறன்கண்ணாடி எனச் சொல்ல நா எழவில்லை போலும்! ஆடி என்பது உருவங்காட்டும் பொருளுக்குப் பழந்தமிழர் இட்ட பெயர். கண்ணுக்கு அணியும் ஆடி கண்ணாடி. இதனினும் பொருத்தமான அடிச்சொல்லை எந்த மொழியில் தேடுவது? முழுதும் கணினி புனைந்த காட்சியை மெய்ந்நிகர் என்கின்றோம். மெய்க்காட்சியின்மேல் கணினி ஏற்றும் மிகையை மிகைமெய் என்று வழங்கலாம். இதனினும் சிறந்த சொல்லை ஆக்கித் தருவார் உளராயின் வரவேற்போம். பாவாணரைத் தலைமையாகக் கொண்டு 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இன்னும் அரசுத் துறையாக உள்ளது. ஒரு பொருள் கடைக்கு வரும் நாளிலேயே அதற்குரிய சொல்லும் மக்கள் வாய்க்கு வரவேண்டும் என்பதை அத்துறை தன் கடமையாகக் கொள்ளட்டும்.

புதுமை என்பதனாலேயே இதனை வெறுப்பார் நாமல்லேம். கண்பார்வை இழந்தார் ஒருவர் தம் கையிலுள்ள மருந்துப் புட்டியின் பெயரையும், எதிரே வரும் பேருந்தின் எண்ணையும் பிறர் துணையின்றி அறிய இக்கருவி வழி செய்கின்றது. இதனைக் குறைகூற எவர்க்கு மனம் வரும்? கீழடியின் அகழாய்வுக் குழிக்கு முன்னே நிற்கும் பள்ளிச் சிறுவனுக்கு, ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முந்தைய செங்கற்சுவர் அவன் கண்முன் எழுந்து நிற்க, அதன் மருங்கே பானையோட்டில் பொறித்த தமிழி எழுத்து இன்றைய எழுத்தாய் மாறித் தோன்றுமாயின், பத்துப் பாடநூல்கள் செய்யாததை ஒரு நாழிகை செய்துவிடும். தஞ்சைப் பெருவுடையார் கோவிற் கல்வெட்டைப் படிக்கவியலாமல் கடந்து போகும் தமிழர் எத்துணைப் பேர்! அவர்க்கு அக்கல் பேசும். ஆனால் எந்த மொழியிற் பேசும் என்பதே வினா.

2025 மே திங்களில் இக்கண்ணாடி இந்தியச் சந்தைக்கு வந்தபொழுது, எதிரிலிருப்பார் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்த்துக் காதில் சொல்லும் ஏந்து அதில் இருந்தது. எந்தெந்த மொழிகட்கு? ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், இசுப்பானியம். இந்தியாவில் விற்கும் பொருளுக்கு இத்தாலியம்! அதே ஆண்டு அக்டோபரில் “இந்தியமொழி” ஒன்று சேர்க்கப்பட்டது. எதுவென்று சொல்லவும் வேண்டுமோ? இந்தி! இந்தி நடிகை தீபிகா படுகோனின் குரலும் உடன் சேர்ந்தது. தமிழ் அன்று அப்பட்டியலில் இல்லை.

“இது வணிகம், ஆள் மிகுதியுள்ள மொழிக்கு முதலிடம் தருவது இயல்பு” என்பர் சிலர். அவ்வளவையே எடுத்துப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இந்திய ஒன்றியத்தில் மட்டும் தமிழைத் தாய்மொழியாக உடையார் ஏறத்தாழ 6 கோடியே 90 இலக்கம். ஈழமும் மலேசியாவும் சிங்கப்பூரும் பிறவும் இதற்கு வெளியே. இத்தாலி நாட்டின் மொத்த மக்களோ 6 கோடிக்கும் குறைவு. ஆள்தொகையே அளவென்றால் இத்தாலியம் எப்படி முந்தியது? அம்மொழிக்கு ஒரு நாடு உண்டு, அந்நாட்டுக்கு ஓர் அரசு உண்டு, அவ்வரசு பேசும், அஃது உறுப்பாயுள்ள ஐரோப்பிய ஒன்றியமும் பேசும். தமிழுக்காகப் பேச வேண்டிய தில்லியோ இந்தியை முன்னிறுத்தி மகிழ்கின்றது. அயல்நாட்டு வணிகன் இந்தியாவை நோக்குங்கால் அவனுக்கு இந்தி மட்டும் தென்படுவது, எழுபத்தைந்து ஆண்டுகளாக அவன்முன் தில்லி பிடித்து நிற்கும் கண்ணாடியின் கோளாறு. கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியிலும் இந்தி 2008இல் வந்தது. தமிழ் 2011 வரை வாயிலில் காத்து நின்றது. மூன்று ஆண்டுகள் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அம்மூன்றாண்டில் ஒரு தலைமுறை கருவியோடு ஆங்கிலத்திற் பேசப் பழகிவிடுகின்றது. பிறகு தமிழ் வந்தாலும் தொடுவார் இலர்.

பெருங்குடிக்கு வருவோம். சிலப்பதிகார காலத்திலேயே சிறந்த வணிகக் குடியைச் சுட்டிய சொல்லைத் தன் பெயராகத் தாங்கிய ஊர் இது. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிக் கிடந்த இப்பேரூரைச் சென்னை மாநகராட்சி 2011இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. (தென்சென்னையின் குப்பையை மட்டும் அதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே சேர்த்துவிட்டனர்!) பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கும் இன்று கண்ணாடி மாளிகைகள். அவற்றின் உச்சியில் எரியும் பெயர்களில் தமிழ் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார்க்குப் பரிசே தரலாம். இத்தனைக்கும் 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளுள் 15ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும், பிறமொழி இருப்பின் தமிழுக்குக் கீழே இருத்தல் வேண்டும் என்கின்றது. தமிழ் ஐந்து, ஆங்கிலம் மூன்று, பிறமொழி இரண்டு என அளவும் வகுத்துள்ளனர். விதி உண்டு, விதிப்படி பலகை இல்லை. ஆயினும் அந்தப் பலகைமுன் நின்று கேட்க நமக்கு உரிமையேனும் உண்டு.

மிகைமெய்க் கண்ணாடி பரவிய பின்னர் அந்த உரிமை எங்கே நிற்கும்? கடையின் பெயர், விலை, வழி, விளம்பரம் யாவும் கடையின்மேல் இரா. காண்பவர் கண்ணின்மேல் இருக்கும். பெருங்குடி என்று தமிழில் எழுதிய ஊர்ப்பலகையின்மேலேயே ஆங்கிலத்தையோ இந்தியையோ கருவி ஒட்டிக் காட்டும். பலகை அங்கேயே தமிழில் நின்றிருக்கும். ஆனால் அதனைப் படிப்பார் ஒருவரும் இரார். 1953இல் தால்மியாபுரம் என்ற பெயரின்மேல் கல்லக்குடி என்று தமிழ்த்தாளை ஒட்டினோம். இப்பொழுது நம் பெயர்கள்மேல் அவர்கள் ஒட்டுவார்கள். அத்தாள் கைக்கும் அகப்படாது. தார்ச்சட்டியை எடுத்துக்கொண்டு எந்தச் சுவரிடம் போவது, தோழர்களே? 15ஆம் விதி மரப்பலகையையும் தகரப்பலகையையும் அறியும், ஒளிப்பலகையை அறியாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் காட்டப்படும் மிகைமெய்ப் பெயர்களும் பெயர்ப்பலகைகளே எனச் சட்டத்தில் ஒரு வரி இப்பொழுதே சேர்க்கப்பட வேண்டும். கருவி பெருகியபின் சேர்ப்பதற்கு எந்த அரசும் துணியாது.

தமிழ் வந்துவிட்டால் போதுமா? போதாது. எந்தத் தமிழ் என்பது அடுத்த வினா. நமக்கு அதுவே பெரிய வினாவும் ஆகும். இவ்வகைக் கருவிக்கு மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் எவருமிலர். இணையத்திற் குவிந்து கிடக்கும் எழுத்தையும் பேச்சையும் விழுங்கி, அதிலிருந்து அடுத்துவரும் சொல் எதுவென்று தானே பழகிக்கொள்கின்றது. அங்கே குவிந்து கிடப்பது என்ன? திரைப்பட அரட்டையும், தொலைக்காட்சித் தொகுப்பாளர் பேசும் தமிங்கிலமும், சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் கலந்த செய்தியும்தாம். கலப்பைத் தின்ற கருவி கலப்பையே உமிழும். நாளேட்டைக் கால் மணி நேரம் படித்து மூடிவிடுவோம். இதுவோ விடியல் முதல் துயிலும் வரை காதருகே இருந்து பேசும். குழந்தைக்குத் தாயினும் மிகுதியாகப் பேசும் ஒரு வாய் கலப்புத்தமிழ் பேசுமாயின், தனித்தமிழ் இயக்கம் நூறாண்டுகளாய்த் துடைத்த கறை பத்தாண்டில் திரும்பப் படியும்.

இதற்குக் கரணியம் மெட்டாவன்று, நாம். பாவாணர் நூல்கள் நாட்டுடைமையாய் உள்ளன. தமிழிணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல்லாயிரம் நூல்கள் உள்ளன. ஆனால் அவற்றுட் பெரும்பகுதி பக்கங்களின் ஒளிப்படமே. மாந்தர் கண்ணுக்கு அஃது எழுத்து. அதனை எழுத்தாக மாற்றிப் பிழைதிருத்தித் தரும்வரை கருவிக்கு அது வெறும் படம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலக்கத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தன்னார்வலர்கள் எழுதிக் குவித்துள்ளனர். நம் இயக்கத்தார் அப்பணியில் இன்னும் நிறையப் பேர் இறங்கியிருக்க வேண்டும். பழைய தனித்தமிழ் இதழ்த் தொகுப்புகளைப் பேழைக்குள் பூட்டி வைத்துப் பெருமை பேசுகின்றோமே, அவை கரையானுக்குப் பயன்படுகின்றன, கருவிக்குப் பயன்படவில்லை.

பெருங்குடிக்கு வடக்கே சில கல் தொலைவில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தரவுகளைத் திரட்டித் திறந்த உடைமையாக வெளியிடும் ஆய்வகம் ஒன்று அங்கே இயங்குகின்றது. அதன் பெயரில் பாரதம் இருக்கின்றது. இருக்கட்டும், பணி நற்பணியே. அதிலிருந்து கிளைத்தவர் 2023இல் பெங்களூரில் தொடங்கிய சர்வம் என்னும் நிறுவனம், 2026 பிப்பிரவரியில் தில்லி மாநாட்டில் தன் திறன்கண்ணாடியைக் காட்டியது. கிண்டி மண்ணில் முளைத்தாலும் வடமொழிப் பெயர்தான் வாய்க்கின்றது! ஆயினும் இங்கேயே ஆக்க இயலும் என்பதற்கு அது சான்று.

கண்ணாடி அணியாதார் படும் தொல்லையும் உண்டு. கூகுள் 2013இல் 1,500 தாலருக்கு விற்ற கண்ணாடியை அணிந்து வருவாரை அமெரிக்க உணவகங்கள் சில உள்ளே விட மறுத்தன. 2015இல் அதன் பொதுவிற்பனை நின்றது. படமெடுக்கையில் ஒளிரும் ஒரு சிறு விளக்கே இன்றும் எதிரிலிருப்பார்க்குக் காப்பு. 2024இல் ஆர்வர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், இரேபான் கண்ணாடியையும் முகந்தேடும் மென்பொருளையும் இணைத்து, வழிப்போக்கரின் பெயரையும் முகவரியையும் கண்டறியக் கூடுமென்று செய்தே காட்டினர். நம் பெண்டிர் நெரிசற் பேருந்தில் செல்லும் ஊரில் இஃது என்ன செய்யும் என்பதைக் காவல்துறை இன்றே எண்ணிப் பார்க்கட்டும்.

பெருங்குடி மாளிகைகளில் பகலிரவாய் அயலார்க்கு மென்பொருள் எழுதும் தமிழிளைஞர்கட்கு ஒன்று சொல்லிக்கொள்வோம். உங்களில் ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பழந்தமிழ் நூலின் பத்துப் பக்கங்களை எழுத்தாக்கிப் பொதுவில் இடுங்கள். உங்கள் குரலில் நல்ல தமிழை ஒலிப்பதிந்து திறந்த தொகுப்புகளுக்குத் தாருங்கள். உங்கள் கைப்பேசியின் மொழி அமைப்பை இன்றிரவே தமிழுக்கு மாற்றுங்கள். எத்துணைப் பேர் தமிழில் இயக்குகின்றனர் என்ற எண்ணிக்கையை அந்நிறுவனங்கள் நாள்தோறும் பார்க்கின்றன.