எத்தனை மெகாபிக்சல்?

ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் விடுமுறைக்கு ஊருக்கு வரவிருக்கின்றான். "மாமா, உங்களுக்கு ஒரு சின்னக் கமரா வாங்கிக்கொண்டு வரட்டோ? எத்தனை மெகாபிக்சலிலை வேணும்?" என்று தொலைபேசியில் கேட்டான். 2009ஆம் ஆண்டும் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். "பன்னிரண்டு" என்று அன்று நான் பெரிய விபரம் தெரிந்தவன்போல் விடை சொன்னேன்.

வந்து சேர்ந்த கமரா சட்டைப் பையினுள் அடங்கியது. பகல் வெளிச்சத்தில் படங்கள் நன்றாகவே விழுந்தன. அடுத்த ஆண்டு, ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர் ஒருவரை யாழ்ப்பாணத்தில் அவரது வீட்டிற் சென்று சந்தித்தேன். கண்ணாடியிற் தெரிவதுபோல இடம்வலம் மாறிக் கிடக்கும் எழுத்துக்களைச் சரளமாக வாசித்துப் பழகிய கண்கள் அவருடையவை. எங்கள் கையெழுத்தை எங்களைவிட நன்றாக வாசித்தவரும் அவர்தான். விறாந்தையில் வெள்ளைச் சுவரின் முன் அவரை அமர்த்தி, குழல் விளக்கின் கீழ் மாலை முழுவதும் பேசவைத்து வீடியோவிற் பதிவு செய்தேன்.

வீடு திரும்பிக் கணினியிற் போட்டுப் பார்த்தால் ஒளி விட்டு விட்டுத் துடிக்கிறது. சுவர் சாம்பல் நிறம், முகம் இருட்டு. அவரது குரலை முந்திக்கொண்டு மின்விசிறி இரைகிறது. மறுபடி பதிவு செய்யலாம் என்றிருந்தேன். நான் அடுத்த தடவை போனபோது அந்த விறாந்தையில் அவரது படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.

காரணம் பின்னர்தான் விளங்கியது. எங்கள் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. பழைய குழல் விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். வட அமெரிக்காவில் 60 சுழற்சி. அங்கு வாங்கிய கமரா அந்தக் கணக்கில் ஷட்டரைத் தானாக வைத்துக்கொண்டால் இங்கே படம் துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்தினால் துடிப்பு அடங்கும். முகம் இருண்டதற்குச் சுவர் காரணம். தானியங்கி ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவரை மங்கவைக்கும்போது அதன் முன் இருப்பவரும் மங்கிப் போவார். இரண்டையும் கையாற் திருத்தலாம். எனது கமராவில் அதற்கு வழி இருக்கவில்லை.

"மனுவல் இருக்கிறது" என்ற சொல்லை மட்டும் நம்பியும் வாங்கிவிடக் கூடாது. 2009இல் வந்த கெனன் ஜி11 நேர்மையான கமரா. முந்திய ஜி10இன் 14.7 மெகாபிக்சலைக் கெனன் நிறுவனமே 10 ஆகக் குறைத்து, படத்தின் தரத்தைக் கூட்டியது. ஆனால் அதன் சில்லில் இருந்த 'எம்' என்ற எழுத்து நிழற்படத்துக்கு மட்டுமே. வீடியோ 640க்கு 480 புள்ளிகள். ஷட்டர் எங்கள் கையில் இல்லை. பனசொனிக் எல்எக்ஸ்5 (2010) வீடியோவிலும் அந்த உரிமையைத் தந்தது. 2012இல் சோனி ஆர்எக்ஸ்100, முன்னைய உயர்தரக் கையடக்கக் கமராக்களைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட பரப்புள்ள உணரியுடன் வந்தது. மங்கிய விறாந்தையில் அதுதான் உதவும். ஆயினும் வெளி ஒலிவாங்கியைச் செருக அதில் துளை இல்லை. 2019இல் வந்த ஆர்எக்ஸ்100இன் ஏழாவது மாதிரியிலும், கெனன் ஜி7 எக்ஸின் மூன்றாவது மாதிரியிலும் அது உண்டு.

கைத்தொலைபேசி போதாதா என்பீர்கள். உலகெங்கும் அப்படித்தான் நினைத்தார்கள்: 2010இல் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமராக்கள் 2023இல் 80 இலட்சத்தையும் எட்டவில்லை. தொலைபேசியிலும் ஷட்டரை நிறுத்தும் செயலிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதியவர் ஒருவர் மனந்திறக்கும் வேளையில் அழைப்பு வந்து மணியடிக்கும் கருவியை அவர் முன் வைக்க எனக்கு மனமில்லை.

மருமகனுக்கு மாதிரியின் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. கடையில் கமராவை வாங்கி வீடியோவில் வை, ஷட்டரை 1/50க்குக் கொண்டுவா, அது அங்கேயே நிற்கிறதா பார், ஒலிவாங்கிக்குத் துளை உண்டா என்று கேள் என்றேன். "மெகாபிக்சல், மாமா?" என்றான் மறுபடியும். இருக்கிறது வரட்டும் என்றேன்.