யுத்தச் செய்தியும் ஆங்கிலப் பாடமும்

ஆங்கில பாஷையில் தேர்ச்சி பெற விரும்பும் வாலிபர்கள் பத்திரிகைகளின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை எடுத்து, யுத்தம், சமாதானப் பேச்சு, ராஜதந்திரிகளின் அறிக்கை ஆகியவற்றில் வரும் அருஞ்சொற்களை நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் வழக்கம் பெருகியிருக்கிறது. போட்டிப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு ஆசிரியர்களும் இதையே உபதேசிக்கிறார்கள். இவ்வழக்கத்தை நாம் வரவேற்கிறோம். அகராதியில் மட்டும் கண்ட சொல் மறந்துபோகும். ஒரு சம்பவத்தோடு சேர்த்துக் கற்ற சொல் மனத்தில் தங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். யுத்தச் செய்திகளில் வரும் சொற்களில் பல, சர்க்கார்கள் தங்கள் காரியத்துக்கு அனுகூலமாகத் தேர்ந்தெடுத்து வழங்குபவை. அவற்றை ஆராயாமல் மனப்பாடம் செய்கிறவன், பாஷையோடு கூடப் பிறருடைய அபிப்பிராயத்தையும் தன்னுடையதாக்கிக்கொள்கிறான்.

'ஆர்மிஸ்டிஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமது மாணவர் அதற்கு எதிரே 'சமாதானம்' என்று எழுதிவிடுவார். அது பிசகு. ஆயுதங்களை நிறுத்திவைப்பது என்பதே அதன் பொருள். ஜெர்மனியுடன் ஆர்மிஸ்டிஸ் ஏற்பட்டது 1918 நவம்பர் 11-ம் தேதி. வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானதோ 1919 ஜூன் 28-ம் தேதி. இடையிலிருந்த ஏழு மாதங்களுக்கு மேலும் ஜெர்மனியின் மீது நேச நாடுகள் வைத்திருந்த கடல் முற்றுகை நீங்கவில்லை. கொரியாவில் 1953 ஜூலை 27-ம் தேதி ஆர்மிஸ்டிஸ் கையெழுத்தாயிற்று. சமாதான உடன்படிக்கை இன்றளவும் ஏற்படவில்லை.

இனி 'குவாரண்டைன்'. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1962 அக்டோபர் 22-ம் தேதி, க்யூபாவுக்கு ஆயுதம் கொண்டுபோகும் கப்பல்களை மறிக்கப்போவதாக அறிவித்தார். கடற்படையைக் கொண்டு ஒரு தேசத்தின் கடல் வழியை அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'பிளாக்கேட்' என்று பெயர். சர்வதேசச் சட்டப்படி அது யுத்தச் செய்கையாகும். ஆகையால் அவர் அச்சொல்லை விலக்கி 'குவாரண்டைன்' என்றார். கொள்ளை நோய் பரவாதபடி கப்பல்களை நாற்பது நாள் தனியே நிறுத்திவைத்த இத்தாலியத் துறைமுகங்களில் பிறந்த சொல் அது. மறித்து நின்றவை போர்க்கப்பல்களே. பெயர் மாத்திரம் மாறிற்று. எனினும் இதை வெறும் ஏமாற்று என்று நாம் தள்ளிவிட மாட்டோம். யுத்தம் என்ற பேச்சை எடுக்காததால் இரு தரப்பாரும் மானம் கெடாமல் பின்வாங்க இடமிருந்தது.

ஆனால் எப்போதும் இப்படி நன்மை விளைவதில்லை. 2022 பிப்ரவரி 24-ம் தேதி உக்ரேன் மீது படையெடுத்த ரஷ்ய சர்க்கார், அதற்கு 'விசேஷ ராணுவ நடவடிக்கை' என்று பெயரிட்டது. ராணுவத்தைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புவோருக்குப் பதினைந்து வருஷம் வரை சிறை என்று அடுத்த மாதமே சட்டமும் செய்தது. யுத்தத்தை யுத்தம் என்று சொன்னவர்கள் கோர்ட்டில் நிற்க நேர்ந்தது. அந்நியரைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. 1948 செப்டம்பர் 13-ம் தேதி நமது ராணுவம் டாங்கிகளுடன் ஹைதராபாத் ஸமஸ்தானத்தில் பிரவேசித்ததற்கு நாம் இட்ட பெயர் 'போலீஸ் நடவடிக்கை'. அது அவசியமாயிருந்தது என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் போலீஸார் டாங்கிகளில் போவதில்லை என்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

அருஞ்சொல் மட்டுமல்ல, அற்பச் சொல்லும் கவனிக்கத்தக்கது. தமிழில் ஈடான சொல் இல்லாததால் ஆங்கிலத்தின் 'தி' என்னும் குறிச்சொல்லை நம் மாணவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபை 1967 நவம்பர் 22-ம் தேதி நிறைவேற்றிய 242-ம் தீர்மானத்தை அவர்கள் படிக்க வேண்டும். அவ்வருஷத்து யுத்தத்தில் பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் வாபஸாக வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. ஆங்கில வாசகத்தில் 'பிரதேசங்கள்' என்பதற்கு முன் 'தி' இல்லை. ஆகவே எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை என்று இஸ்ரேல் வாதித்தது. பிரெஞ்சு வாசகத்தில் குறிச்சொல் இருக்கிறது. ஆகவே முழுவதையும் விட வேண்டும் என்று அரபு நாடுகள் வாதித்தன. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வழக்குத் தீரவில்லை.

ஆகவே வாலிபர்களுக்கு நாம் கூறும் யோசனை இது. சொல்லையும் அர்த்தத்தையும் மட்டும் எழுதாதீர்கள். அதைச் சொன்னவர் யார், அதனால் குறிக்கப்பட்ட செய்கை என்ன, எதிர்த் தரப்பார் அதே செய்கைக்கு இட்ட பெயர் என்ன என்பவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். 'கொல்லப்பட்டனர்' என்று செயப்பாட்டு வினை வரும்போது, கொன்றவர் யார் என்று கேளுங்கள். நியாயஸ்தலத்தில் எந்த வக்கீலும் முதலில் கேட்கும் கேள்வி அது. பத்திரிகை வாசகனும் அதைக் கேட்க உரிமை பெற்றவன்.

இதில் தமிழ்ப் பத்திரிகைகளின் பொறுப்பு பெரிது. 'கொலாட்டரல் டாமேஜ்' என்று ஒரு ராணுவ அறிக்கையில் வந்தால், அவசரத்தில் 'பக்கச் சேதம்' என்று மொழிபெயர்த்து அச்சுக்கு அனுப்பிவிடுவது சுலபம். யுத்தத்தில் சம்பந்தப்படாத ஜனங்கள் மாண்டார்கள், அவர்களுடைய வீடுகள் இடிந்தன என்பதே அதன் உண்மைப் பொருள். அப்படியே எழுத வேண்டும். நாமும் இதில் தவறியதுண்டு. இனித் தவறாதிருக்க முயல்வோம்.

வாசகர்கள் மேடையில் பேசுகிறார்கள், வோட்டுப் போடுகிறார்கள், தேசம் யுத்தத்தில் இறங்குவதா வேண்டாமா என்ற பிரச்னை எழுந்தால் அபிப்பிராயம் சொல்லப்போகிறவர்களும் அவர்களே. அன்று சர்க்கார் எந்தச் சொல்லை நீட்டினாலும், அதற்குள் இருக்கும் செய்கை இன்னதென்று கண்டுகொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை இன்றைய நோட்டுப் புஸ்தகத்திலேயே தொடங்குமாறு நமது வாலிபர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.