நட்டத்துக்கு விற்றவர்களின் இறுமாப்பு

வீடியோ கேம் விளையாட்டுகளில் எனக்குத் தேர்ச்சி எதுவும் இல்லை. ஆயினும் ஒரு நிறுவனம் தன் பங்குதாரரிடம் ஒன்றும் பொதுமக்களிடம் வேறொன்றும் பேசுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பத்திரிகைத் தொழில் எனக்குப் பழக்கிவிட்ட ஒன்று. ஜப்பானின் சோனி நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 3 என்னும் வீடியோ கேம் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த கதையில் இந்த இரட்டைப் பேச்சு தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான், பழைய கதையாயினும், அதை இங்கே எழுதுகின்றேன்.

அப்போது இந்தத் துறையில் சோனிக்கு நிகர் எவரும் இல்லை. 1994 இல் வெளிவந்த முதலாவது பிளேஸ்டேஷன் பத்துக் கோடிக்கும் அதிகமாக விற்பனையாயிற்று. 2000 இல் வந்த இரண்டாவது இயந்திரம் அதனையும் விஞ்சி, காலப்போக்கில் 15 கோடியையும் தாண்டியது. இப்படியொரு வெற்றியின் உச்சியில் நின்றுகொண்டுதான் சோனி மூன்றாவது இயந்திரத்தை அறிவித்தது.

2006 மே மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற ஈ3 கண்காட்சியை ஒட்டி விலை அறிவிக்கப்பட்டது. சிறிய மாதிரி 499 அமெரிக்க டொலர், பெரியது 599 டொலர். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்பொக்ஸ் 360 இயந்திரம் 299, 399 டொலர் என்ற இரு விலைகளில் கடைகளுக்கு வந்துவிட்டது. நின்ரெண்டோவின் வீ இயந்திரமோ அதே ஆண்டு நவம்பரில் 250 டொலருக்கு வந்தது. சோனியின் விலையைக் கேட்டவர்கள் அதிர்ந்துபோனதில் வியப்பில்லை.

ஆனால் அந்த விலைக்கே சோனிக்கு நட்டம் என்பதுதான் இதிலுள்ள விசித்திரம். ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து பெருஞ்செலவில் உருவாக்கிய 'செல்' என்னும் நுண்செயலியும், புதிய புளூ-ரே தட்டு இயக்கியும் இயந்திரத்துக்குள் இருந்தன. 2006 நவம்பரில் ஐசப்ளை என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்டது. 499 டொலர் இயந்திரத்தை உருவாக்க ஏறத்தாழ 806 டொலரும், 599 டொலர் இயந்திரத்தை உருவாக்க ஏறத்தாழ 840 டொலரும் செலவாகின்றன என்பது அதன் மதிப்பீடு. அதன்படி ஒவ்வொரு பெட்டி விற்கும்போதும் சோனியின் கையிலிருந்து ஏறத்தாழ 241 டொலர் முதல் 307 டொலர் வரை போயிற்று.

இந்த வியாபாரத்தில் இது புதிய வழக்கமன்று. இயந்திரத்தை நட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் ஆண்டுக்கணக்கில் விளையாட்டுத் தட்டுகள் விற்கும்போது கிடைக்கும் பங்கினால் அந்த நட்டத்தை ஈடுசெய்வார்கள். இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும். வாங்குபவன் கடைக்கு வந்து பணத்தைக் கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. விற்பவன் அவனிடம் ஒரு தொகையை நம்பி ஒப்படைத்திருக்கிறான். வாங்கியவன் தன்னுடனேயே இருப்பான், திரும்பத் திரும்ப வந்து விளையாட்டுகள் வாங்குவான் என்ற நம்பிக்கை ஒன்றே அந்தத் தொகைக்கு ஈடு. இத்தகைய வியாபாரத்தில் வாடிக்கையாளனின் நல்லெண்ணந்தான் முதல். அந்த முதலைத்தான் சோனியின் உயரதிகாரிகள் மேடைகளிலும் நேர்காணல்களிலும் வாரி இறைத்தார்கள்.

பிளேஸ்டேஷனின் தந்தை எனப் போற்றப்பட்ட கென் குட்டராகி 2005 இல், இதனை வாங்குவதற்காக இன்னும் சில மணிநேரம் கூடுதலாக உழைக்கலாம் என்று மக்கள் எண்ண வேண்டும் என்ற கருத்துப்படப் பேசினார். 2006 இல் விலை அறிவிக்கப்பட்ட பின்னர், அது மலிவு என்றுகூடச் சொல்லலாம் என்றார். ஐரோப்பியப் பிரிவின் தலைவர் டேவிட் ரீவ்ஸ், விளையாட்டுகளே இல்லாவிட்டாலும் முதல் ஐம்பது இலட்சம் பேர் எப்படியும் வாங்குவார்கள் என்ற தொனியில் பேசினார். அமெரிக்கப் பிரிவின் தலைவர் ஜக் ட்ரெட்டன், கடை அலுமாரியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் விற்காமல் கிடக்கும் இயந்திரத்தை எவராவது காட்டினால் 1,200 டொலர் தருவதாகச் சவால் விட்டார். விற்காத இயந்திரங்களைக் கடைகளில் கண்டுபிடிப்பது இரசிகர்களுக்குக் கடினமாக இருக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்று நம்மவர் சொல்வது சும்மாவன்று.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது வேறொன்று. சோனியிடம் சொல்வதற்கு நேர்மையான பதில் ஒன்று இருந்தது. 2006 ஜூனில் அமெரிக்காவில் வெளிவந்த சாம்சுங் நிறுவனத்தின் புளூ-ரே இயக்கியின் விலை 999 டொலர். அதே தட்டுகளைப் பார்க்கவும் விளையாடவும் உதவும் இயந்திரத்தை அதன் பாதி விலைக்குத் தருகின்றோம், அதிலும் எமக்கு நட்டமே, இருப்பினும் விலை அதிகம் என்பதை உணர்கின்றோம், உற்பத்திச் செலவு குறையக் குறைய விலையையும் குறைப்போம் என்று சொல்லியிருக்கலாம். இப்படிச் சொல்லியிருந்தால் வாங்க வசதியில்லாதவனும் காத்திருந்திருப்பான். மலிவு என்றும் கூடுதலாக உழை என்றும் கேட்டவன் காத்திருப்பானா?

அடுத்து நடந்தவையும் இதே போக்கில்தான். நீல ஒளிக்கதிர் உதிரிப்பாகங்களின் தட்டுப்பாட்டினால் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச் வரை தள்ளிப்போவதாக 2006 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆண்டு முடிவுக்குள் 40 இலட்சம் இயந்திரங்கள் என்ற இலக்கு 20 இலட்சமாயிற்று. மலிவு எனப்பட்ட அதே இயந்திரத்தின் விலை, ஜப்பானில் விற்பனை தொடங்குமுன்னரே 62,790 யென்னிலிருந்து 49,980 யென்னாகக் குறைக்கப்பட்டது.

கைப்பிடியின் அதிர்வு வசதியைப் பற்றியும் கூற வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமை தொடர்பாக இமர்ஷன் என்னும் நிறுவனம் தொடுத்த வழக்கில் சோனி தோற்றிருந்தது. புதிய கைப்பிடியில் அதிர்வு இல்லை. ஆனால் வழக்கைக் காரணமாகச் சொல்லாமல், அசைவை உணரும் கருவிக்கு அது இடையூறு என்றார்கள். பின்னர், அது போன தலைமுறையின் வசதி என்றார்கள். 2007 மார்ச்சில் வழக்கு இணக்கமாக முடிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அதிர்வுள்ள கைப்பிடி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சொன்ன இரண்டு காரணங்களும் எங்கே போயின?

பத்திரிகையாளன் என்ற முறையில் என்னைச் சினங்கொள்ளச் செய்தது 2006 டிசம்பரில் நடந்தது. சோனியின் கையடக்க இயந்திரமான பி.எஸ்.பி.யைக் கிறிஸ்மஸ் பரிசாகக் கேட்டு ஏங்கும் இளைஞர்கள் எழுதுவதுபோல் ஒரு இணையத்தளம் தோன்றியது. அதன் பதிவு விபரத்தைத் தேடியவர்கள், அது ஒரு விளம்பர நிறுவனத்தின் பெயரில் இருப்பதைக் கண்டார்கள். சோனியும் அது தன் வேலையே என்று ஒப்புக்கொண்டது. இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2001 இல், அதே குழுமத்தின் திரைப்பட நிறுவனம் டேவிட் மானிங் என்ற, உலகில் இல்லவே இல்லாத விமர்சகரை உருவாக்கி, கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு சிறிய வாரப் பத்திரிகையின் பெயரையும் அவருக்குச் சூட்டி, தன் படங்களைத் தானே புகழ்ந்து விளம்பரம் செய்த குட்டு வெளிப்பட்டது. நியூஸ்வீக் சஞ்சிகை அதை அம்பலப்படுத்தியது. அந்தச் சிறு பத்திரிகையின் பெயர், அங்குள்ளவர்கள் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த சொத்து. கேட்காமலே எடுத்துப் பயன்படுத்தினார்கள். விளம்பரம் விளம்பரமாகவே வந்தால் அதில் எனக்கு ஆட்சேபமில்லை. செய்தியின் உடையை உடுத்திக்கொண்டு வரும்போது அது வாசகனை மட்டுமன்றி, உண்மையாக எழுதுகின்ற ஒவ்வொருவரையும் ஏமாற்றுகிறது.

இனிக் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 232.3 பில்லியன் யென் நட்டமடைந்தது. அடுத்த ஆண்டு 124.5 பில்லியன், அதற்கடுத்த ஆண்டு 58.5 பில்லியன். மூன்றாண்டுகளில் 400 பில்லியன் யென்னுக்கும் மேல். உற்பத்திச் செலவிலும் குறைந்த விலைக்கு விற்றதே முதலாண்டு நட்டத்துக்குக் காரணம் என்று நிறுவனத்தின் நிதி அறிக்கையே ஒளிவுமறைவின்றிக் கூறியது. பங்குதாரருக்கு உண்மையும் வாடிக்கையாளருக்கு இறுமாப்பும் வழங்கப்பட்டன. முதலீட்டாளரிடம் பொய் சொன்னால் சட்டம் தண்டிக்கும் என்று அஞ்சியவர்கள், வாடிக்கையாளர் தண்டிக்கமாட்டார் என்று நினைத்துவிட்டார்கள்.

இயந்திரம் ஈற்றில் 8 கோடி 70 இலட்சத்துக்கும் மேல் விற்றதே, பேச்சினால் என்ன கெட்டுவிட்டது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விலையும், 'செல்' நுண்செயலிக்கு நிரல் எழுதுவதிலிருந்த சிரமமும், தாமதமும் உண்மையான காரணங்கள். பேச்சு மட்டுமே எல்லாவற்றையும் கெடுத்தது என்று நான் வாதிடவில்லை. ஆனால் 2009 இல் விலை 299 டொலருக்கு இறங்கும் வரை சோனி பட்ட பாட்டையும், முந்தைய இயந்திரம் விற்ற தொகையோடு இதற்கிருந்த இடைவெளியையும் நோக்க வேண்டும். இக்கட்டான நேரத்தில் ஒரு நிறுவனத்துக்குக் கைகொடுப்பது மக்களின் பொறுமை. அதைச் சோனி முன்கூட்டியே செலவழித்திருந்தது. குட்டராகியும் 2007 ஜூனில் தம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

2013 இல் பாத்திரங்கள் இடம்மாறின. மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் ஒன் இயந்திரத்துக்கு இணைய இணைப்பைக் கட்டாயமாக்கி, பழைய தட்டுகளைக் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு விதித்து, 499 டொலர் விலை அறிவித்தது. இணைய வசதி இல்லாதவர்களுக்கு எங்கள் பழைய எக்ஸ்பொக்ஸ் 360 இருக்கிறதே என்ற பொருள்பட அதன் அதிகாரி டொன் மற்றிக் பதிலளித்தார். அந்த ஜூனில் சோனி 399 டொலருக்குப் பிளேஸ்டேஷன் 4 ஐ அறிவித்தது. தட்டை நண்பனுக்கு எப்படி இரவல் கொடுப்பது என்பதற்கு அது வெளியிட்ட விளக்கப்படத்தில், ஒருவர் தட்டை மற்றவர் கையில் கொடுப்பார், அவர் நன்றி சொல்வார். அவ்வளவுதான். அரை நிமிடமும் இல்லை. சில நாட்களில் மைக்ரோசொப்ட் தன் கட்டுப்பாடுகளைக் கைவிட்டது. பிளேஸ்டேஷன் 4 பின்னர் 11 கோடியைத் தாண்டி விற்றது.

அடிபட்டவன் கற்றுக்கொண்டான், வென்றவன் மறந்துபோனான். அரசியலிலும் இதையே நான் பலமுறை பார்த்திருக்கின்றேன். மக்கள் தொடர்பு என்பது குறையை மறைக்கும் கலை என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. உங்கள் நிதி அறிக்கையில் எழுதத் துணிந்த உண்மையை, உங்கள் பொருளை வாங்க வருபவனிடமும் சொல்லத் துணியுங்கள். உங்கள் நட்டத்தை ஈடுசெய்யப் போகிறவன் அவன்தான்.