75 சதவீதம் என்பது வாக்குறுதி இல்லை

2025 நவம்பர் 1 இரவு. ஸ்காபரோவில் சின்னம்மா வீட்டு பேஸ்மென்ட். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் புளூ ஜேஸ் 4-3 முன்னிலை. இன்னும் இரண்டே இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை எங்களுக்கு. அப்போது மிகேல் ரோஹாஸ் ஒரு ஹோம் ரன் அடித்துச் சமப்படுத்தினார். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் இன்னொன்று அடித்தார். டொட்ஜர்ஸ் 5-4.

எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தோம். சின்னம்மாவின் மகன் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் நின்று உழைத்த 800 டொலரை ஜேஸ் மேல் கட்டியிருந்தான்.

"அண்ணா, 3-2 எண்டு முன்னுக்கு நிக்கேக்க 75 சதவீதம் வெல்லுவினம் எண்டு எக்ஸ்பேர்ட் சொன்னவர்."

எனக்குக் கோபம் அவன் மேல் வரவில்லை. அந்த எக்ஸ்பேர்ட் மேல்தான் வந்தது. மீதி இரண்டு ஆட்டங்களில் ஒன்றை வென்றால் போதும் என்றால், நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 75 சதவீதம்தான் வரும். அதற்கு நிபுணர் எதற்கு? மீதி 25 சதவீதம் என்றால் நாலு தடவையில் ஒரு தடவை. அது அபூர்வம் இல்லை.

நான் எஞ்சினியரிங் படித்தவன். வேலையில் தினமும் எண்களோடுதான் இருக்கிறேன். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 சதவீத வாய்ப்புள்ள பலமான அணி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். முதல் சுற்று ஆடாமலே நேரே அடுத்த சுற்றுக்கு வந்தாலும், ஐந்து ஆட்டத் தொடர் ஒன்று, ஏழு ஆட்டத் தொடர் இரண்டு வெல்லவேண்டும். மூன்றையும் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 34 சதவீதம்தான்.

நடந்ததைப் பாருங்கள். 2022இல் 111 ஆட்டம் வென்ற டொட்ஜர்ஸ், 89 வென்ற பாட்ரேஸிடம் வெளியேறினார்கள். 2023இல் 100க்கு மேல் அல்லது 100 வென்ற அணிகள் மூன்று: பிரேவ்ஸ், ஓரியோல்ஸ், டொட்ஜர்ஸ். மூன்றுமே தங்கள் முதல் தொடரிலேயே தோற்றன. உலகத் தொடரில் மோதியது 90 வென்ற ரேஞ்சர்ஸும் 84 வென்ற டயமண்ட்பேக்ஸும்.

"ஆனால் அண்ணா, ஓட்ஸ் பொய் சொல்லாதே" என்பீர்கள். சரி, ஓட்ஸ் பெரும்பாலும் நல்ல கணிப்புத்தான். அதனால்தான் உங்களால் அதை வெல்ல முடியாது! சமபலமான இரண்டு அணிக்கும் 1.91 என்று போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் நூறு நூறு டொலர் கட்டினால் யார் வென்றாலும் 191தான் திரும்பிவரும். 9 டொலர் அவர்களுக்கு. ஓட்ஸ் என்பது ஆரூடம் இல்லை, விலை. கடைக்காரரின் லாபம் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒன்ராறியோவில் 2022 ஏப்ரலில் தனியார் இணையப் பந்தயத்துக்குக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தாலே பந்தய விளம்பரம். அதற்கு நடுவில் ஒருவர் கோட் போட்டுக்கொண்டு சதவீதம் சொல்கிறார்.

அம்மம்மா சாத்திரியிடம் குறிப்புக் காட்டினால் நாங்கள் சிரிக்கிறோம். ஆனால் நாங்கள் தோற்றால் சாத்திரிக்கு லாபம் இல்லை. பந்தய அப்புக்கு லாபம். இதில் யார் ஏமாளி?

அடுத்த ஒக்ரோபரில் யாராவது கணிப்போடு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருசம் சொன்னதில் எத்தனை சரி, எத்தனை பிழை? பட்டியலைக் காட்டுங்கோ." காட்டமாட்டார்கள். காட்டாதவர் பேச்சை நம்பி ஒரு சதமும் கட்டாதீர்கள்.

தம்பி இதை எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன். சின்னம்மாவிடம் அவனே உண்மையைச் சொல்லிவிட்டான். அப்பை அழித்துவிட்டான். ஜேஸ் தொப்பியை மட்டும் கழற்றவில்லை. அது நல்லது.