மிளகும் மிளகாயும்

1915-ல் பிரான்ஸ் போர்முனையிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்கள் சிலவற்றில் மிளகு வருகிறது. கொண்டுவந்த மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது மிளகாயைப் புழங்குகிறார்கள், ஆனால் மிளகின் காரம் அதற்கு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்கவென்றே போலோன் நகரில் ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. ஹோவெல் என்ற அதிகாரி அதற்குப் பொறுப்பு. இது அடுப்படிப் பேச்சில்லை என்று அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். 'காலி மிர்ச்', அதாவது கருமிளகு, என்றால் இந்தியச் சிப்பாய். 'லால் மிர்ச்', அதாவது சிவப்பு மிளகாய், என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். தீர்ந்துகொண்டிருந்தது மனித உயிர்.

அந்தச் சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது. ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதினார். சொன்ன சொல் எழுதுபவரையும் அதிகாரியையும் தணிக்கையாளரையும் தாண்டி, தகப்பனையோ மனைவியையோ அடைய வேண்டும். அங்கேயும் அதை யாராவது படித்துக் காட்ட வேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்த உருவகம் அது. உருவகத்தை வெறும் அணியாகக் கற்பிக்கும் நம் வகுப்பறைகளில் இந்தக் கடிதங்களைப் பாடமாக வைக்க வேண்டும்.

முதல் உலகப் போரின் சொற்களைத் தொடர்ந்து வாசித்தபோது ஒன்று தெளிவானது. அந்தப் போர் இரண்டு அகராதிகளை உண்டாக்கியது. ஒன்று தலைமையகத்தில் எழுதப்பட்டது, மற்றது பதுங்குகுழியில் பேசப்பட்டது.

தலைமையகத்து அகராதியில் எங்களை உறுத்திய சொல் 'வேஸ்டேஜ்'. பெரிய தாக்குதல் எதுவும் நடக்காத நாட்களிலும் குண்டுபட்டும் நோயிலும் ஆட்கள் குறைந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் குறைவுக்குப் பிரிட்டிஷ் ராணுவம் வைத்த பெயர் அது. தமிழில் சொன்னால் சேதாரம். நகை செய்யும்போது தங்கத்தில் கழியும் தூளுக்கு நாம் சொல்லும் அதே சொல். இத்தனை சேதாரம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதை ஈடுகட்ட அடுத்த கப்பலில் இத்தனை பேர் என்று திட்டமிட முடிந்தது. செத்தவனை 'செத்தான்' என்று எழுத வேண்டியிருந்தால் அந்தக் கணக்கைப் போடும் கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும் என்று நம்புகிறோம்.

'ஷெல் ஷாக்' என்ற சொல்லின் கதை இன்னும் கொடியது. உடம்பில் காயமே இல்லாமல் நினைவும் பார்வையும் மோப்பமும் சுவையும் இழந்து வந்த சிப்பாய்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் எழுதினார். அச்சில் வந்ததும் அந்தப் பெயர் பரவியது. பெயர் கிடைத்தவுடன் நோய் நிஜமாகிவிடுகிறது. நோய் நிஜமானால் சிகிச்சையும் ஓய்வூதியமும் தர வேண்டும். 1917-ல் ராணுவம் அந்தச் சொல்லையே கட்டுப்படுத்தியது. போர்முனையில் அப்படி வருபவர்களின் சீட்டில் 'இன்னும் கண்டறியப்படவில்லை, நரம்பு' என்று எழுதச் சொன்னார்கள். ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் இன்ன பிற ராணுவக் குற்றங்களுக்காகவும் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், காமன்வெல்த் சிப்பாய்களுக்கு மன்னிப்பு வந்தது 2006-ல். அவர்களில் எத்தனை பேருடைய நடுக்கத்துக்குச் சரியான பெயர் கிடைத்திருந்தால் உயிர் தப்பியிருக்கும் என்ற கேள்வி எங்களை விடவில்லை.

பதுங்குகுழி அகராதிக்கு வருவோம். அங்கே அதிகம் புழங்கிய சொற்களில் ஒன்று 'பிளைட்டி'. ஆங்கிலச் சிப்பாய்க்கு அது இங்கிலாந்து, வீடு. சாகடிக்காமல் ஊருக்கு அனுப்பிவைக்கும் காயத்துக்கும் அதுவே பெயர். அப்படி ஒரு காயம் படாதா என்று ஏங்கினார்கள். சொல்லின் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. இந்துஸ்தானியில் 'விலாயத்தி' என்றால் அயல்தேசத்தது, சீமையது. இந்தியாவில் இருந்த வெள்ளைப் பட்டாளம் அதைத் தன் நாக்குக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டு போனது. ஒரே தேசம், ஒரே சொல். ஒருவனுக்கு அது வீடு, பக்கத்துக் குழியில் கிடந்த இன்னொருவனுக்குச் சீமை. காயம்பட்ட இந்தியச் சிப்பாயும் அந்தச் சீமைக்குத்தான் போனான். பிரைட்டன் அரண்மனையை ஆஸ்பத்திரியாக்கி அவனைக் கிடத்தினார்கள். தேறியதும் ஊருக்கு அனுப்பாமல் மறுபடி போர்முனைக்கு அனுப்பியதைத்தான் பல கடிதங்கள் மன்றாடி முறையிடுகின்றன.

தமிழுக்கு இந்தப் போர் தந்த சொல் 'எம்டன்'. 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, அரை மணி நேரத்துக்குள் 125-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முறியடித்தது. கப்பல் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அச்சமும் வியப்பும் கலந்து சென்னை மக்களே வார்த்த சொல் என்பதால் எங்களுக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அன்றிரவு துறைமுகத்தில் ஐந்து பேராவது செத்தார்கள். அவர்கள் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

பெயர் விடுபட்டவர்கள் இன்னும் நிறைய. கடல்கடந்து போன இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல், மாண்டவர் சுமார் 74,000. பிரான்சின் நெவ் ஷப்பேல் நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். மதராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியியல் பிரிவினர் போன மெசபடோமியாவில் அப்படிச் செய்யவில்லை. பஸ்ரா நினைவுச் சுவரில் அதிகாரிகளுக்குப் பெயர், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக 'மற்றும் இத்தனை பேர்' என்று எண்ணிக்கை மட்டும். இந்தப் பாரபட்சத்தைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நம் ஊர்களிலும் அந்த 'மற்றும்' கல்லாக நிற்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறு பலகைகள் அவை. பெயர் கிடையாது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் படியெடுங்கள். யார் வீட்டிலிருந்து போனார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். பெட்டியில் பழைய கடிதமோ பென்ஷன் காகிதமோ பதக்கமோ கிடந்தால், அதில் இருக்கும் பெயரையும் ஊரையும் எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.