வீட்டுக்கு விலை போடுவது யாருக்காக?

செம்பரம்பாக்கத்தில் ஆலைத் தொழிலாளி ஒருவர் வீடு வாங்கக் கடன் கேட்டால், பாங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் சுவரை அளக்கிறார். பட்டா எங்கே, வரைபட அனுமதி எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்கிறார். விலை போட்டுக் காகிதத்தைப் பாங்கிக்கு அனுப்பிவிடுகிறார். கட்டணம் மட்டும் தொழிலாளியின் பணம்!

அந்த விலையில்தான் எல்லாம் இருக்கிறது. 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவிகிதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் பாங்கி விதி. 12 லட்சம் பேசிய வீட்டுக்கு 10 லட்சம் என்று விலை போட்டால், கடன் 9 லட்சத்தோடு சரி. மிச்சம் 3 லட்சத்துக்கும் பத்திரச் செலவுக்கும் எங்கே போவது? கந்துவட்டிக்காரன் வாசலுக்குத்தான்.

சர்க்கார் ஜாமீன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஏழைகளின் வீட்டுக் கடனுக்கான ஜாமீன் நிதியை 2024ல் 1,000 கோடி ரூபாயிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தினார்கள். ஆனால் தவணை நின்றால் அந்தப் பணம் பாங்கிக்குத்தான் போகிறது. தொழிலாளியின் கடன் ரத்தாவதில்லை. 2002ம் வருஷத்து சர்பாசி சட்டப்படி வீடு ஏலத்துக்கும் வரும்.

அமெரிக்க சர்க்கார் 1934ல் வீட்டுக் கடனுக்கு இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தது. கட்டிடம் உறுதியா என்று பார்க்கச் சொன்னது நல்லதே. ஆனால் அதன் மதிப்பீட்டுக் கையேடு, கறுப்பின மக்கள் வாழும் வட்டாரங்களைத் தாழ்த்தி மதிப்பிடச் சொல்லிற்று. 1968ல்தான் சட்டம் போட்டு இத்தகைய பாகுபாட்டைத் தடுத்தார்கள். இங்கே அப்படிக் கையேடு எதற்கு? தாத்தா பேரில் நிற்கும் காலனிப் பட்டாவும், பட்டாவே இல்லாத விவசாயத் தொழிலாளியின் குடிசையும் போதும். மதிப்பீட்டாளர் அந்தத் தெருவுக்கே வரமாட்டார்.

இன்னொன்று. 2015 டிசம்பர் 1ந் தேதி இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் கடன் போட்டு வாங்கிய வீடுகளும் மூழ்கின. அவற்றுக்கும் யாரோ விலை போட்டவர்கள்தானே! சாமான் சட்டெல்லாம் போயிற்று, தவணை போகவில்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: மதிப்பீட்டு அறிக்கையின் நகல், தமிழில், கட்டணம் கட்டியவர் கையில் தரப்படவேண்டும். வெள்ளம் புகும் இடமா என்பதை அதில் எழுதவேண்டும். மறுமதிப்பீடு கேட்க உரிமை வேண்டும். நீர்நிலை அல்லாத இடத்தில் தலைமுறையாகக் குடியிருப்போருக்குச் சர்க்கார் பட்டா வழங்கவேண்டும். கடன் மனு எழுதும் தோழர்கள், நகல் கேட்டு ஒரு வரி இப்போதே சேர்த்து எழுதட்டும். மனுவின் பிரதி ஒன்றைச் சங்கக் கிளையில் கொடுத்துவைக்கட்டும்.