நூத்துக்கு ரெண்டு வட்டியும் சுகர் மாத்திரையும்

த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

டாக்டருக்கு எதுக்கு வட்டிக் கணக்குன்னு கேப்பீங்க. ஓபியில 60 தாண்டின பல பேர் சொல்ற வார்த்தை இது: "ஒண்ணாந்தேதி வட்டி வரட்டுங்க, மாத்திரை வாங்கிக்கறேன்." அதுவரைக்கும் ரெண்டு வேளை மாத்திரை ஒரு வேளை ஆயிடும். எச்பிஏ1சி ஏறும். நான் டோஸ் ஏத்தி எழுதுவேன். செலவு இன்னும் கூடும்.

இவங்க யாரும் சேமிக்காதவங்க இல்லை. தறி ஓட்டி, மில்லுக்குப் போயி, காட்டுல பாடுபட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்தவங்க. சிக்கல் சேர்த்த விதத்துல.

கொங்குப் பக்கம் சேமிப்புன்னா காடு, பவுன், அப்புறம் வெளிய வட்டிக்கு விடறது. நூத்துக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு 12%, நூத்துக்கு ரெண்டுன்னா 24%. இதைக் கேட்டுப் பழகின காதுக்கு பேங்க்ல சொல்ற 7, 8% சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா மாசாமாசம் கைக்கு வர்ற வட்டி மளிகைக்கும் மொய்க்கும் போயிடுது. அசல் அப்படியே நிக்குது. இதுதான் தனி வட்டி.

இப்ப கணக்கு. 30 வயசுல 1 லட்சம், 60 வயசு வரைக்கும்.
நூத்துக்கு ஒண்ணு, தனி வட்டி: அசலும் வட்டியும் சேர்த்து 4.6 லட்சம்.
நூத்துக்கு ரெண்டு, தனி வட்டி: 8.2 லட்சம்.
வெறும் 8%, ஆனா கூட்டு வட்டி: 10.06 லட்சம்.

திரும்பப் படிங்க. 24%ஐ 8% ஜெயிக்குது. உடனே இல்லைங்க, 25 வருஷம் வரைக்கும் நூத்துக்கு ரெண்டுதான் முன்னாடி. 26ஆவது வருஷம் 8% தாண்டிடுது. 12%ஐ 11ஆவது வருஷமே தாண்டிடுது. "வர்ற வட்டியை நானும் திரும்ப வட்டிக்கு விடுவேனே"ன்னு சிலர் சொல்வாங்க. தாராளமா. அப்ப நீங்களும் கூட்டு வட்டிக்காரர்தான். ஆனா 30 வருஷம் ஒரு மாசம்கூட விடாம அப்படிச் செஞ்சவங்களை நான் பார்த்ததில்லை. கடன் வாங்கினவரும் 30 வருஷம் நாணயமா இருக்கணுமே.

"வட்டிக்கு வட்டி போடறவன்"னா நம்ம ஊர்ல திட்டு. கந்துவட்டிக்கு எதிரா 2003ல சட்டமே வந்துச்சு. கடன் வாங்கினவங்க பட்ட பாடு அப்படி. அந்த வெறுப்புலயே, வட்டிக்கு வட்டி நமக்கு வர வேண்டிய இடத்துலயும் அதைக் கோட்டை விட்டுட்டோம்.

அதிக மாச வருமானத்து மேல இருக்கற இந்த ஆசையைத்தான் திருப்பூர் பாசி நிறுவனம் பிடிச்சுது, பெருந்துறை ஈமு கோழியும் பிடிச்சுது. ஈமு 2012ல கவுந்துச்சு. பாசி வழக்குல 2022ல கோவை கோர்ட் 27 வருஷம் தண்டனை குடுத்துச்சு. தண்டனை வந்தா போன ரிட்டயர்மென்ட் காசு முழுசா வந்துடுமா?

இன்னொரு பக்கம் விலைவாசி. அது தனி வட்டியில ஏறாது, கூட்டு வட்டியிலதான் ஏறும். வருஷம் 6% ஏறினா 12 வருஷத்துல செலவு ரெட்டிப்பு. அரசோட மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 30 லட்சம் வரைக்கும் போடலாம். 8.2%க்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா 61,500 வரும். நல்ல திட்டம், நானே சிபாரிசு பண்றேன். ஆனா அந்த வட்டியை எடுக்காம விட்டா அதுக்கு வட்டி கிடையாது. 60ல மாசத்துக்கு 20,500 கணக்கு வர்றவருக்கு, 72 வயசுல அதே 20,500 பாதிக் காசு மாதிரிதான். மாத்திரை எண்ணிக்கை கூடற வயசும் அதுதான். அதனால கையில இருக்கறதை மொத்தமா வட்டி வாங்கித் தின்ற டெபாசிட்ல போடாதீங்க. ஒரு பங்காவது குமுலேட்டிவ் எஃப்டியில, வட்டி அசலோட சேர்ற மாதிரி விடுங்க.

எனக்கு ரொம்ப வருத்தம் மில்லுப் பொண்ணுங்க விஷயத்துலதான். கல்யாணம்னு நின்னதும் பிஎஃப் காசை முழுசா எடுத்துடறாங்க. 22 வயசுல 50,000 ரூபாய். அதைத் தொடாம 58 வரைக்கும் விட்டா, 8% போட்டாலே கிட்டத்தட்ட 8 லட்சம். வேற வழியே இல்லைன்னா எடுக்கட்டும், அது அவ காசு. ஆனா மண்டபத்து வாடகைக்கும் பந்திக்கும் அதை எடுக்க வைக்கற அப்பா அம்மாவை நான் நேராவே கேட்டிருக்கேன். கோவிச்சுக்கிட்டாங்க, பரவால்லை.

இளசுகளுக்கு ஒண்ணு. பிபிஎஃப் கணக்கு இருந்தா, பணத்தை மாசம் 5ஆம் தேதிக்குள்ள போடுங்க. 6ஆம் தேதி போட்டா அந்தப் பணத்துக்கு அந்த மாச வட்டி கிடையாது. பேங்க்ல எஃப்டி ஃபாரம் நிரப்பறப்ப "வட்டி மாசாமாசம் வேணுமா, கடைசியில சேர்த்து வேணுமா"ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதை கவுன்ட்டர்ல இருக்கறவர் டிக் அடிக்க விடாதீங்க, நீங்களே படிச்சுப் பார்த்து அடிங்க.